மஞ்சள் விளக்கு எரிந்ததற்கு ஒரு சாட்சி

கொங்கு அதிவேகக் கார் உரிமையாளர் பேரவையின் தலைவர் தங்கவேலு, ஐப்பசி வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை, ஐந்து வகைப் பழம் அடுக்கிய தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் கேட்டு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கட்டிக்கொடுக்கும் வயதில் எங்கள் வீட்டில் பெண் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் தாம்பாளத்தின் கனம் அப்படி இருந்தது.

"மாமா, நீங்க நம்ம பேரவைக்குச் சாட்சியா வரோணும்" என்றார்.

"எதுக்குச் சாட்சி?"

"பொத்தானுக்குங்க."

என்னைத் தேடி ஆட்கள் வருவது புதிதல்ல. இரண்டு காரியத்துக்காக வருவார்கள். ஒன்று, என் வாக்கு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முன்னின்று சீர் செய்துவைக்கிறவரை அருமைக்காரர் என்போம். நூற்று நாற்பத்தாறு கல்யாணங்களுக்கு நான் அருமைக்காரன். பங்காளிகள் காடு தோட்டம் பிரித்துக்கொள்ளும்போதும், "சுப்பையன் வந்து நின்னாப் போதும், பத்திரம் அப்புறம் எழுதிக்கலாம்" என்பார்கள்.

மற்றொன்று, என் கண். அவிநாசி சாலையில் எங்களுக்குப் பனியன் கம்பெனி. ஒரே நிறத்துச் சாயம்தான் என்றாலும், திங்கட்கிழமை போட்ட துணியும் புதன்கிழமை போட்ட துணியும் ஒன்றாக இருக்காது. உடம்புக்கு ஒரு துணியும் கழுத்துப் பட்டைக்கு வேறொரு துணியும் வைத்துத் தைத்துவிட்டால், கப்பல் ஏறிய சரக்கு அப்படியே திரும்பி வரும். வெளிச்சப் பெட்டியில் துணியை வைத்து, ஷேடு சேர்கிறது, சேரவில்லை என்று சொல்வது முப்பத்தெட்டு வருஷமாக என் வேலை. பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் சந்தேகம் வந்தால் துண்டுத்துணியை எடுத்துக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள்.

பொத்தானுக்குச் சாட்சி கேட்டு யாரும் வந்ததில்லை.

தங்கவேலு விளக்கினார். பேரவையில் இருபத்திரண்டு குடும்பங்கள், இருபத்திரண்டு கார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உடுமலைப்பேட்டை வரை ஊர்வலமாகப் போய் வருவார்கள். கிளம்பும்முன், வண்டியில் உள்ள ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் என்கிற கருவியை ஒவ்வொருவரும் அணைக்க வேண்டும். அணைத்தால் ஸ்டீயரிங் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எரிந்ததற்குச் சாட்சி ஒருவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் பேரவையின் நான்காம் விதி. முதல் மூன்று விதிகள் சந்தா பற்றியவை.

"கருவியை நம்பி ஓட்டறவன் டிரைவருங்க மாமா. அணைச்சுப்போட்டு ஓட்டறவன்தான் ஓனர்" என்றார். "இத்தனை நாளும் மச்சினன், சகலைன்னு சாட்சி வெச்சிருந்தோம். ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசறாங்க. அஞ்சாமாண்டு விழா வருது. உங்க வாக்கு வந்தா பேரவைக்கே ஒரு கௌரவங்க."

என் மனைவி குழந்தையம்மாள் காப்பி கொண்டுவந்தாள். "ஏனுங், அதை அணைச்சா என்ன ஆகுமுங்க?" என்று கேட்டாள்.

"சக்கரம் வழுக்குமுங்க அத்தை."

"வழுக்கறதுக்கு எதுக்குங்க சாமி அத்தனை பெரிய காரு? எங்க ஊட்டுப் பின்னால பொடக்காளியில, தண்ணி வாக்கற எடத்துல, பாசி புடிச்ச கல்லு ஒண்ணு கெடக்குது. அதுமேல நின்னாப் போதுமே."

தங்கவேலு சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன். என் மகன் சசிகுமார் அந்தப் பேரவையில் உறுப்பினன். போன வருஷம்தான் சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரும் கார் ஒன்றை வாங்கியிருந்தான். விழாவில் அவனைச் செயலாளர் ஆக்கப்போவதாகவும், தொடர்ந்து பன்னிரண்டு மாதம் விளக்கு எரிந்தவன் என்பதால் 'மஞ்சள் விளக்குச் செல்வர்' பட்டம் தரப்போவதாகவும் பேச்சு இருந்தது. மகனுக்குக் கிடைக்கிற மரியாதையில் தகப்பன் வாக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தெரியாத காரியத்துக்குச் சாட்சி சொல்லி எனக்கு வழக்கமில்லை. சசிகுமாரின் காரைப் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து பூங்குழலி என்ற பெண் வருவாள், சர்வீஸ் இன்ஜினியர். அவளிடம் கேட்டேன்.

"பின்சக்கரத்துக்கு ரோட்டுல பிடி விட்டுப்போச்சுன்னா, வண்டியே இன்ஜின் பவரைக் குறைச்சுக்குமுங்க ஐயா. நீங்க எவ்வளவு மிதிச்சாலும் தராது. வழுக்காம நிக்கும். அதுதாங்க அந்தக் கருவி."

"அது இருக்கறது நல்லதா, அணைக்கறது நல்லதா?"

"ரோட்டுல எப்பவும் இருக்கோணுங்க. மழைன்னா கட்டாயம் இருக்கோணும். சேத்துல, மணல்ல சக்கரம் மாட்டிக்கிட்டா வெளிய எடுக்க அணைக்கலாம். அப்புறம் ரேஸ் ஓடற மைதானத்துல, பழகினவங்க அணைப்பாங்க. அங்க ஆள் நடமாட்டம் இல்லீங்க."

"பேரவைக்காரங்க பல்லடம் ரோட்டுல அணைக்கறாங்களே, கண்ணு?"

பூங்குழலி கையிலிருந்த கிரீஸைப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்தாள். "அணைச்சதை நீங்க பார்த்தீங்களாங்க?"

"பார்க்கத்தான் போறேன்."

"அப்படின்னா ஒண்ணு சொல்றேனுங்க. பொத்தானைச் சும்மா தட்டுனா விளக்கு ஒரு மின்னு மின்னிட்டுப் போயிரும், கருவி அணையாது. அஞ்சு எண்ற வரைக்கும் அமுத்திப் புடிச்சாத்தான் அணையும். அப்ப விளக்கு நின்னு எரியும்."

இதை மனதில் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, அவிநாசிக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் இருபத்திரண்டு கார்களும் வரிசையாக நின்றன. முந்தின நாள் பெய்த மழை தூறலாக மிச்சம் இருந்தது. நாதஸ்வரம் வாசித்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எண்பத்தெட்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தங்கவேலு ஒலிபெருக்கியில் பேசினார்.

"பாட்டன் பூட்டன் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறச்ச மண்ணு இது. அவங்க மாட்டுக்கு ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்துச்சா? இல்லை! வழுக்கினா வழுக்கட்டும்னு ஓட்டுனாங்க!"

எங்கள் பாட்டனார் காலத்தில் மாடு வழுக்கினால் கீழே மணல் போடுவார்கள். அதை அந்த நேரத்தில் சொல்வது முறையல்ல என்று இருந்துவிட்டேன்.

சாட்சி ஒவ்வொரு காரிலும் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, விளக்கைக் கண்ணால் கண்டு இறங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குனிந்து பழக்கமில்லை. அந்தக் கார்களில் ஏறுவதற்கு இடுப்பை ஒரு பக்கமும் கழுத்தை மறு பக்கமும் மடக்க வேண்டும். ஏறுவதையாவது ஒருவன் தனியாகச் செய்துவிடலாம். இறங்க இரண்டு பேர் கைகொடுத்து இழுத்தார்கள். இருபத்திரண்டு தடவை இழுக்கப்பட்டேன்.

முதல் கார் தங்கவேலுவுடையது. கையைத் தலைக்குமேல் உயர்த்திக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானைத் தட்டினார். விளக்கு மின்னிற்று, அணைந்தது. வெளியே நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. நான் இரண்டாவது காருக்குப் போனேன். மின்னிற்று, அணைந்தது. மூன்றாவதும் அப்படியே. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். ஒருவர் மனைவியைத் தட்டச் சொன்னார். ஒருவர் வைப்பரின் பொத்தானைத் தட்டிவிட்டு, கண்ணாடியில் வைப்பர் ஓடியதைப் பெருமையோடு எனக்குக் காட்டினார். பதினேழாவது என் மகன். என் முகத்தைப் பார்க்காமல் தட்டினான். மின்னிற்று, அணைந்தது.

எனக்கு உள்ளபடியே சந்தோஷம். வாயில் வீராப்பாகப் பேசினாலும், ஈர ரோட்டில் ஒருவர்கூடக் கருவியை அணைக்கவில்லை. எல்லாரும் பொறுப்புள்ள பிள்ளைகள் என்று நினைத்தேன். பதிவேட்டில் 'எரிந்தது' என்று ஒரு கட்டம்தான் அச்சடித்திருந்தது. பக்கத்தில் கோடு போட்டு, நானே இன்னொரு கட்டம் உண்டாக்கி, 'எரியவில்லை' என்று இருபத்திரண்டு தடவை எழுதினேன். கடைசியில் 'மின்னி அணைந்தது. மழை நேரத்தில் இப்படிச் செய்ததே சரி. எல்லாருக்கும் என் பாராட்டுகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர்வலம் கிளம்பியது. நான் மகன் காரில் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கார்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான். வேகத்தடை வந்தால் அடி தட்டும். அதனால் ஒரு மினி லாரி முன்னால் போகும். அதில் ஒடிசாவிலிருந்து எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்த இருவர் பலகைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். வேகத்தடையில் இறங்கிப் பலகை போடுவார்கள். இருபத்திரண்டு கார்களும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியதும் பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த தடைக்கு ஓடுவார்கள். உடுமலைப்பேட்டை போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. டவுன் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், சேர வேண்டிய இடம் சேர்ந்து, திரும்பி எதிரில் வந்தது. பலகைக்காரர்களில் ஒருவர் இந்தியில் என்னவோ கேட்டார்.

"என்ன கேக்கறாரு?" என்றேன்.

"எல்லா வண்டியும் ரிப்பேரான்னு கேக்கறாருங்கப்பா" என்றான் சசிகுமார்.

உடுமலைப்பேட்டைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் சாப்பாடு. இலை போட்டதும் தலைவர் எழுந்து பதிவேட்டை வாசிப்பது வழக்கமாம். தங்கவேலு முதலில் தன் பெயரை வாசித்தார். "தங்கவேலு. எரிய..." என்று நிறுத்தினார். அடுத்த பெயரை வாசித்தார். "எரிய..." மறுபடியும் நின்றது. கீழே வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, "யோவ், இந்தாளை எவன்யா கூப்பிட்டது?" என்றார்.

தாம்பாளம் கொண்டுவந்தவர் அவர்தான் என்பதை அங்கே யாரும் நினைவூட்டவில்லை. ரசம் வருவதற்குள் ஆட்கள் எழுந்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது சசிகுமார் சொன்னான்: "ஒரு கையெழுத்துதானுங்கப்பா. எரிஞ்சதுன்னு போட்டிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"எரியலையே, கண்ணு."

"எரியலைன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. தெரியறதுக்கு எதுக்குங்க சாட்சி?"



அடுத்த புதன்கிழமை எங்கள் ஊர் ராயபுரத்தில் உள்ள பேரவை மண்டபத்தில் விசாரணை. வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. இந்தத் தடவை தாம்பாளம் இல்லை. நான் வெள்ளை வேட்டி சட்டையில் போனேன். என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். பிறகு அது மரியாதையாகத் தெரிகிறது என்று கீழே இறக்கினார்கள்.

தங்கவேலு பேசினார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கறது நம்ம பேரவையோட உயிரு. நான் அஞ்சு வருஷமா ஒரு தடவைகூட அணைச்சதில்லை, அது வேற சங்கதி. எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்குது. ஆனா அணைக்கோணுங்கற கொள்கையில இருந்து நான் ஒரு நாளும் பின்வாங்கினதில்லை. கொள்கைங்கறது செய்யறதுக்கு இல்லீங்க, கையெழுத்துப் போடறதுக்கு! இன்னிக்கு ஒருத்தரு வந்து, இருந்ததை இருந்தபடி எழுதிட்டுப் போயிட்டாரு. எல்லாரும் இப்படியே இருந்ததை எழுத ஆரம்பிச்சா, ஒரு சங்கம் நடத்த முடியுமா, ஒரு ஊரு நடக்குமா?"

பலத்த கைதட்டல். என் மகனும் தட்டினான். கைதட்டாமல் இருந்தால் தெரியும்படி முன்வரிசையில் அவனை உட்காரவைத்திருந்தார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு தீர்மானம் வந்தது. இருபத்திரண்டு பேர் பொய்யர்கள் என்பது நடக்க முடியாத காரியம். ஆகவே சாட்சியின் கண்ணில்தான் குறை இருக்க வேண்டும். கண்ணைச் சோதிக்க உடனே ஒரு துணைக்குழு அமைத்தார்கள். மேசையில் பத்து மஞ்சள் துணிகளைப் பரப்பினார்கள்.

"இதெல்லாம் என்ன கலருங்க மாமா?" என்றார் துணைக்குழுவில் ஒருவர்.

"இது ரெண்டும் ஒரே சாயம், வேற வேற நாள் போட்ட லாட்டு. இது வெயில்ல காஞ்சது. இது நல்ல மஞ்சள், ஆனா துவைச்சா நிக்காது. இது உங்க சாயப்பட்டறைத் துணி, மாப்ள. போன மாசம் திரும்பி வந்துச்சே, அதுதான்."

துணைக்குழு ஓரமாகப் போய் ஐந்து நிமிஷம் கலந்து பேசியது. சாதாரண மனிதர் ஒரே மஞ்சளைப் பார்க்கும் இடத்தில் சாட்சி பத்து மஞ்சளைப் பார்க்கிறார். இது இயல்பான கண் அல்ல என்று அறிக்கை கொடுத்தது.

நான் சிரித்தேன். அந்த மண்டபத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு தங்கவேலு, "குடும்பத்துக்காரங்க சொல்லட்டும்" என்றார்.

சசிகுமார் எழுந்தான்.

எனக்கு இடது கண்ணில் புரை வந்து, போன தை மாதம் ஆபரேஷன் செய்தார்கள். நாற்பது நாள் சொட்டு மருந்து விட வேண்டும். நர்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றேன். சசிகுமார் கேட்கவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நாளுக்கு நான்கு தடவை, இமையை விரலால் பிரித்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் அவனே விட்டான். கட்டுப் பிரித்த அன்று சன்னலோரம் ஒரு நூல்கண்டைக் காட்டி, "இது என்ன கலருங்கப்பா?" என்று கேட்டான். நான் சரியாகச் சொன்னதும் அவன் கண்தான் கலங்கியது.

அவன் மண்டபத்தில் சொன்னான்: "ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்குக் கண்ணு மங்கலுங்க. மஞ்சள் சுத்தமாத் தெரியறதில்லை. ஊட்டுலயே தடுமாறுவாருங்க. மரியாதைக்காக நாங்க வெளிய சொல்லலை. என் வண்டியில விளக்கு எரிஞ்சுது. எல்லாத்து வண்டியிலயும் எரிஞ்சுது."

தலைகுனிந்தபடிதான் சொன்னான். ஆனால் ஒரு வார்த்தையிலும் குரல் நடுங்கவில்லை.

தங்கவேலு என் பக்கம் திரும்பினார். "மாமா, உங்க மகன் சொல்றது மெய்யா, பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க."

அந்த மண்டபத்தில் இருந்த இருபத்திரண்டு குடும்பங்களில் பதினாறு குடும்பத்துக் கல்யாணங்களை நான் நடத்தியிருக்கிறேன். என் வாயிலிருந்து வருவது அவர்களுக்குத் தீர்ப்பு. பொய் என்று சொன்னால், சுப்பையன் மகன் பொய்யன் என்பது அன்றோடு நிற்காது. அவன் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போதும் வாசலில் வந்து நிற்கும். எங்கள் குடும்பத்தில் பொய்யன் என்று யாருக்கும் பெயர் வந்ததில்லை. குருடர் என்று என் பெரியப்பாவுக்குப் பெயர் இருந்தது. அது நோய், அவமானமல்ல.

"மெய்" என்றேன்.

எழுபத்தொரு வயதில் அது என் முதல் பொய். பயப்பட்ட அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

எழுதித் தரச் சொன்னார்கள். 'எனக்குக் கண் மங்கல். நிறம் பிரித்துப் பார்க்க இயலாது. ஆகவே பதிவேட்டில் பிழையாக எழுதினேன்' என்று எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். சசிகுமாரின் மைத்துனரைப் புதுச் சாட்சியாக்கி, இருபத்திரண்டு விளக்குகளையும் அங்கேயே பதிவேட்டில் எரியவைத்தார்கள். மண்டபத்தில் கார் ஒன்றும் இல்லை. அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. விழாவுக்குக் காத்திராமல் சசிகுமாரை அன்றே செயலாளராக அறிவித்தார்கள். பெருந்தன்மையோடு தவற்றை ஒப்புக்கொண்டதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாலியெஸ்டர்.

வீட்டில் குழந்தையம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களுக்குச் சாப்பாடு போட்டாள். "சட்டி சூடுங்க, பார்த்துத் தொடுங்க. உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே" என்று என்னிடம் சொன்னாள்.

சசிகுமார் தட்டைப் பார்த்தபடி, "ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்கம்மா" என்றான்.

மறக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பேரவை படம் பிடித்து உறுப்பினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. உறுப்பினர்களில் பாதிப்பேர் சாயப்பட்டறைக்காரர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருடைய சென்னை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஷேடு பார்க்கிறவருக்குக் கண் தெரியாது என்று அவரே எழுதித் தந்திருக்கிறாரே என்று கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் தப்பில்லை.

திங்கட்கிழமை நான் கம்பெனிக்குப் போனபோது, வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் சசிகுமார் உட்கார்ந்திருந்தான். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'ஷேடு ஒப்புதல்: திரு. சசிகுமார் மட்டும். செயலாளர், கொங்கு அதிவேகக் கார் உரிமையாளர் பேரவை.'

"பையர் சொல்லிட்டாங்கப்பா. நான் என்ன பண்றது?" என்றான். எழுந்திருக்கவில்லை.

நான் நின்றேன். நிற்பது எனக்குப் பழக்கம்.

அப்போது சாயப்பட்டறை மாஸ்டர் பழனிமுத்து வந்தார். இருபது வருஷமாக எனக்குத் துணி காட்டுகிறவர். குழந்தைகள் சட்டை, நாற்பதாயிரம் உருப்படி, நீலம். உடம்புத் துணியையும் கழுத்துப் பட்டைத் துணியையும் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். பிறகு துணிகளைப் பெட்டிக்குள் வைத்தார்.

சசிகுமார் குனிந்து பார்த்தான். ஒரு விளக்கை மாற்றிப் பார்த்தான். இன்னொரு விளக்கில் பார்த்தான். துணியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான்.

"சேருதுங்களா?" என்றார் பழனிமுத்து. "கட்டிங்குக்கு ஆள் நிக்குதுங்க."

சசிகுமார் பேனாவை எடுத்தான், வைத்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு, நாற்பது நாள் மருந்து விட்டானே, அந்தக் குரலில் கேட்டான்: "அப்பா, நீங்க ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க. வெளிய யாருக்கும் தெரியாது."

பழனிமுத்து இரண்டு துணிகளையும் எடுத்து என் கையில் கொடுத்தார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கழுத்துப் பட்டையின் நீலத்தில் சிவப்பு ஓடியிருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல; தைத்து மாட்டினால் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கே தெரியும். பழனிமுத்துவுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் துணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

"எனக்குத் தெரியறதில்லை, கண்ணு" என்றேன். "உனக்கு எப்படித் தெரியுதோ அப்படிக் கையெழுத்துப் போட்டுக்க."

அவன் போட்டான்.